சைவ நாய்க்கு ஓர் உயில்

பிப்ரவரி 10, வெள்ளி

பைரவன் இன்றும் தயிர்சாதத்தைத் தொடவில்லை. எனக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டில் எதற்கு முதலில் கவலைப்படுவது என்று விளங்கவில்லை.

புனேயிலிருந்து மகள் உமையாள் போன் செய்தாள்.

"அப்பா, தள்ளிப் போடாதீங்க. இந்த மாசமே பண்ணிரலாம்."

"பண்ணலாம்மா. பைரவனை யார் பாத்துக்கிடுவா?"

"உங்களை யார் பாத்துக்கிடுவான்னு நான் இங்க தவிச்சுக்கிட்டு கிடக்கேன். நீங்க நாயைப் பத்திக் கேக்கீங்க" என்றாள்.

கேட்டால் என்ன தப்பு? அவள் அம்மா உலகம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பாளையங்கோட்டை வீட்டில் நான் வாய் திறந்தால் காதைத் தூக்கிக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தச் செவலை நாய்தான்.

பிப்ரவரி 13, திங்கள்

பைரவனை ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஏதோ பெரிய வியாதி என்று சொன்னேன். டாக்டர் எடை போட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"போன தடவைக்கு ரெண்டு கிலோ கூடியிருக்கு அண்ணாச்சி."

"சாப்பிடவே மாட்டேங்கான் சார்!"

"கறி, மீனு ஏதாவது போடுதீங்களா?"

"சார், நாங்க சைவப் பிள்ளைமார். இவனும் சைவம். குட்டியிலிருந்து தயிர்சாதம், இட்லி, பருப்பு. முட்டைகூட கண்ணால் பார்த்தது கிடையாது."

டாக்டர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. ரோமம் பளபளவென்று இருக்கிறது, பல் நன்றாக இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார். சாப்பிடாமல் எடை கூடுவது எப்படி? மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். வரவு இல்லாமல் இருப்பு ஏறுகிற கணக்கை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் மனசுக்குப் பட்டதை எழுதுகிறேன். தினமும் மத்தியானம் பைரவன் பின்னால் துவைகல்லுக்கு அந்தப் பக்கம் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வருகிறான். அது உலகம்மாள் துணி துவைக்கிற இடம். அவளை நினைத்துக்கொண்டு கிடக்கிறான் பாவம். துக்கத்திலும் சிலருக்கு உடம்பு பெருக்குமாம்.

பிப்ரவரி 15, புதன்

வக்கீல் பிச்சாண்டியைப் பார்த்தேன். நாய் பெயருக்குப் பணம் எழுதி வைக்க வேண்டும் என்றேன்.

"நாய் பேருக்கு எழுத முடியாது அண்ணாச்சி. சட்டத்துல நாயே உங்க சொத்து. சொத்துக்குச் சொத்து எழுத முடியுமா? இந்த பீரோவுக்கு அந்த மேசையை எழுதி வச்ச மாதிரி ஆயிரும்."

"அப்ப என்ன செய்ய?"

"ஒரு ஆளைச் சொல்லுங்க. நாயை அவருக்குக் கொடுக்கோம், நாயைப் பாத்துக்கிடதுக்குன்னு பணத்தையும் அவருக்கே விட்டுட்டுப் போறோம். பொறுப்பா நடக்கான்னு பாக்க இன்னொரு ஆளு. அம்புட்டுதான்."

சொத்து என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒரு நிபந்தனை சொன்னேன். நான் போன பிறகும் பைரவனுக்குச் சைவச் சாப்பாடுதான் போடவேண்டும். இதை உயிலில் எழுதியே ஆகவேண்டும்.

பிச்சாண்டி பேனாவை மூடினார். "நீங்க போன பொறவு அது என்ன திங்குதுன்னு யாரு வந்து பாக்கது?"

அதைக் கண்டுபிடிக்கத்தானே வக்கீல்?

பிப்ரவரி 18, சனி

சிவராத்திரி. நான் விரதம், பைரவனுக்கும் விரதம். பாலை மட்டும் வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். என்ன பக்தி என்று மெச்சிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வந்து என் மடியில் தலையை வைத்தான். வாயில் அயிலை மீன் வாசம்!

இது அடுத்த வீட்டு வேலை. அங்கே அருளப்பன் என்று ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர், அவர் சம்சாரம் பிலோமினா. பேச்சுவார்த்தை கிடையாது. உலகம்மாளின் பதினாறாம் நாள் காரியத்தன்று அந்த வீட்டில் மீன் பொரித்தார்கள். ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டு மந்திரம் சொன்னார். மறுவாரமே நான் இடைச்சுவருக்கு மேல் தகரம் வைத்து உயர்த்திவிட்டேன். அப்படியும் வாசம் தகரத்தைத் தாண்டி வந்து என் நாயின் வாயில் ஏறியிருக்கிறது பாருங்கள். காற்று எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது!

சாயங்காலம் சாமிக்குப் பழம் வைக்க உலகம்மாள் பெயர் வெட்டின எவர்சில்வர் தட்டைத் தேடினேன். அவள் சீராகக் கொண்டுவந்தது, ஆறில் ஒன்று. ஐந்துதான் இருக்கிறது. வேலைக்காரியைக் கேட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 22, புதன்

இன்று ஓர் அதிசயம் நடந்தது. துவைகல் பக்கமிருந்து வந்த பைரவன் நெற்றியில் சாம்பல்! நான் பூசவில்லை. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. மூன்று கோடு இல்லைதான். ஆனாலும் வாயில்லா ஜீவனுக்குத் தானாகவே திருநீறு வந்து ஏறுமா? நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதைவிட அதிசயம், வைத்த தயிர்சாதத்தைத் தட்டை நக்கி வழித்துச் சாப்பிட்டான்.

பிப்ரவரி 25, சனி

மூன்று வேளையும் சாப்பிடுகிறான். நெய் விட்டுப் பிசைந்து போடுகிறேன். அடுத்த வீட்டிலிருந்து மீன் வாசமும் வரவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் எப்படி நேரானது என்று விளங்கவில்லை. சிவராத்திரி விரதத்தின் பலன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போய் ஆவுடை அக்காளைப் பார்த்தேன். வீடு, தோட்டம், சைவச் சமையல், எல்லாம் பொருத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏல தம்பி கோமதி, உனக்கென்ன பைத்தியமா? நாய்க்கு உயில் எழுதுத முதல் ஆளு நீதான்."

"நீ வளப்பியா மாட்டியா, அதைச் சொல்லு."

"உங்க அத்தான் வீட்டுக்குள்ள விடமாட்டாவ. வேணும்னா தோட்டத்துல தென்னையில கட்டிப் போடுதேன். வேளாவேளைக்குச் சோறு போடுதேன்."

பைரவன் சங்கிலியைக் கண்டதில்லை. அக்காள் போட்ட சொதியையும் சாதத்தையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வருகிற வழியில் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்தது. வாயுதான். அக்காள் இஞ்சி அதிகம் போடுவாள்.

மார்ச் 12, ஞாயிறு

உமையாளிடம் கேட்டேன். அவள் இருப்பது ஒன்பதாவது மாடி. மருமகனுக்கு நாய் ரோமம் ஆகாது, தும்மல் வந்துவிடும். இருந்தும் "நான் கொண்டுவந்துருதேன்பா, நீங்க முதல்ல ஆபரேஷனுக்கு வாங்க" என்றாள். இப்படிச் சொல்பவர்களை நம்பக்கூடாது. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள்.

அதையே வாய்தவறிச் சொல்லியும்விட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

"நாயைச் சாக்கு வச்சு நீங்க ஆபரேஷனைத் தட்டிக் கழிக்கீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. உங்களுக்குப் பயம்."

எனக்கென்ன பயம்? உயில் முடிந்தால் மறுநாளே போய்ப் படுத்துக்கொள்வேன். ஆள் கிடைக்கவில்லை, நான் என்ன செய்யட்டும்?

மார்ச் 20, திங்கள்

மதுரையிலிருந்து போன். இன்னும் தள்ளினால் நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். உயில் முடியட்டும் என்றேன்.

மார்ச் 28, செவ்வாய்

பிச்சாண்டி ஒரு நாய்க் காப்பகத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் ஒரே கொட்டகையில் அத்தனை நாய். ஒன்றையாவது பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பைரவன் என் கால் இடுக்கில் புகுந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றான். அவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. ரோட்டோரம் அரை மணி நேரம் உட்கார்ந்து கிடந்தோம்.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க நிபந்தனைக்கு ஆள் தேடுனா சாமிதான் வரணும்" என்றார். இடது கை மரத்துப்போகிறது. இதை உமையாளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, புதன்

பங்குனி உத்திரம். பாயசம் வைத்தேன். பைரவன் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். வயிறு தரையைத் தொடுகிறது.

ஏப்ரல் 9, ஞாயிறு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

இன்று அவர்களுக்கு ஈஸ்டர். காலையிலிருந்தே அடுத்த வீட்டில் கறி கொதிக்கிற வாசம். பைரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் ஒரே ஊளை. நான் விழுந்தடித்துக்கொண்டு போனேன்.

துவைகல்லுக்குப் பின்னால், சுவருக்கடியில் மழைத்தண்ணீர் போக ஒரு ஓட்டை உண்டு. அதில் பைரவனின் பின்பாதியும் வாலும் மட்டும் என் பக்கம் இருந்தது. முன்பாதியைக் காணோம். நான் பின்னங்காலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பலத்தைக் கூட்டி இழுத்தேன். அந்தப் பக்கமிருந்து யாரோ அவனை இழுத்தார்கள்!

"ஏல மோசே! வாலே, வந்துரு, மூச்சை இழுத்துக்கோ!"

அருளப்பன் குரல். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாருவே அது, என் நாயைப் பிடிச்சு இழுக்கது?"

அப்புறம் மெதுவாக ஒரு பதில்.

"அண்ணாச்சி, நாந்தான். இழுக்காதீய. நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் இழுத்தா பிள்ளை ரெண்டாப் போயிரும்."

"மோசேயா? அவன் பேரு பைரவன்!"

"உங்க பக்கம் பைரவன். எங்க பக்கம் மோசே. ஒரு மழையில குட்டியா உங்க பக்கமிருந்து இந்த ஓட்டைத் தண்ணியில மிதந்து வந்தான். பைபிள்ல மோசேயும் தண்ணியில மிதந்து வந்த பிள்ளைதான், அதான் அந்தப் பேரு. சண்டையை அப்புறம் போடலாம், முதல்ல நீங்க தள்ளி உக்காருங்க. நெஞ்சு சரியில்லாத ஆளு, இப்படிக் குனிஞ்சு இழுக்கக் கூடாது."

என் நெஞ்சு சரியில்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும்? அதற்குள் கடப்பாரை சத்தம் கேட்டது. செங்கல் ஒவ்வொன்றாக விழுந்தது. பைரவன் விடுபட்டதும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கறி வாசம் வந்த பக்கமே ஓடினான். பெற்ற பிள்ளை போல வளர்த்தேனே!

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி அவர்கள் வாசல் வழியாகப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு நாயைக் கூட்டி வந்துவிடுவது என்று போனேன். பின்முற்றத்தில் பைரவன் தின்றுகொண்டிருந்தான். வாசம் மட்டுமல்ல, எலும்பு, கறி, சோறு, எல்லாம். தட்டு எவர்சில்வர் தட்டு. ஓரத்தில் எழுத்து வெட்டியிருந்தது. உலகம்மாள்.

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா ஓடிவந்து வெந்நீர் கொடுத்தாள்.

"திருடிட்டோம்னு நினைச்சிராதீய அண்ணாச்சி" என்றாள். "குட்டியில இவனுக்குக் காலு வளைஞ்சு நடக்கமாட்டாம கிடந்தான்லா? மீனு, எலும்பு போடுங்கன்னு மாட்டு டாக்டர் சொல்லிட்டாராம். உங்ககிட்ட சொன்னா வீடே ரெண்டாயிரும்னு மதினி என்கிட்ட வந்தாவ. அன்னையில இருந்து தினம் மத்தியானம் இந்த ஓட்டை வழியாத் தட்டை நீட்டுவாவ, நான் போட்டுக் குடுப்பேன்."

உலகம்மாளா? வெங்காயம் தொட்ட கையைக்கூடக் கழுவிவிட்டுச் சாமி அறைக்குப் போகிறவள். என் உலகம்மாளா?

"கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் நீட்டுனாவ. தட்டைத் திருப்பி வாங்கலை. 'பிலோமி, இது உன்கிட்டயே இருக்கட்டும். எனக்குப் பொறவு இவனுக்கு ஒருவேளைச் சோறு உன் பொறுப்பு. அவுகளுக்குத் தெரியாண்டாம்'னு சொல்லிட்டுப் போனாவ. பதினாறாம் நாள் அன்னைக்கும் அதுக்காகத்தான் பொரிச்சேன். காரியம் அன்னைக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே அண்ணாச்சி. இவன் ரெண்டு நாளாப் பட்டினின்னு வந்து நின்னான், மனசு கேக்கலை."

"ஒன்றரை மாசமா எங்க வீட்டுல சரியாச் சாப்பிட்டானே?" என்று மட்டும் கேட்டேன்.

"தவக்காலம்லா? நாப்பது நாளும் நாங்க சைவம். இவனுக்கும் வெறும் பருப்புச் சோறுதான். சாம்பல் புதன் அன்னைக்கு நெத்தியில பூசியே சொல்லி அனுப்பினாவ இவுக" என்று அருளப்பனைக் காட்டினாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 10, திங்கள்

தூக்கமில்லை. உலகம்மாள் மேல் கோபமா, பைரவன் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நான் இரண்டு மாதமாக ஊர் ஊராக அலைந்து தேடிய ஆளை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வக்கீலும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒரு தட்டு, அவ்வளவுதான்.

சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? சொன்னால் நான் என்ன ஆடியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அழுகையாக வருகிறது.

ஏப்ரல் 13, வியாழன்

பிச்சாண்டி வீட்டுக்கே வந்தார். அருளப்பனையும் பிலோமினாவையும் கூப்பிட்டனுப்பினேன். இடிந்த சுவர் வழியாகவே வந்துவிட்டார்கள். தெருவைச் சுற்றிப் போகிற பாதை இனி வேண்டாம் போலிருக்கிறது.

சோறு போடப் பணம் எதற்கு என்று அருளப்பன் முறைத்தார். வக்கீல்தான் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். சாட்சிக்கும் அருளப்பனே கையெழுத்துப் போடட்டும் என்றேன். நாயை வாங்குகிறவரே சாட்சி போட்டால் பின்னால் வம்பு வரும் என்று பிச்சாண்டி வேறு இரண்டு பேரைப் பிடித்தார். உமையாள் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். போனில் கேட்டேன், "எதுன்னாலும் சரிப்பா, வாங்க" என்றாள்.

"சைவ உணவு மட்டும்னு ஒரு நிபந்தனை இருக்கே அண்ணாச்சி?" என்று பிச்சாண்டி என்னைப் பார்த்தார்.

"அதை அடிச்சிரும்வே."

"தவக்காலத்துல சைவம்தான் போடுவோம்" என்றாள் பிலோமினா.

"சிவராத்திரிக்கும்" என்றேன்.

"சரி, சிவராத்திரிக்கும்."

"நாய்க்குப் பேரு எழுதணும். பைரவன்தானே?"

அருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"பைரவன் என்கிற மோசேன்னு எழுதும்வே" என்றேன்.

எல்லாரும் போகும்போது பிலோமினா சுவர் ஓரம் நின்றாள். "மதினி அன்னைக்கு நாயை மட்டும் பாத்துக்கிடச் சொல்லலை அண்ணாச்சி" என்றாள். சொன்னவள் சுவரைத் தாண்டிப் போய்விட்டாள். என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை. சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பருப்பும் ரசமும் வந்தது. புதுப் பாத்திரத்தில் வைத்தது, மீன் சட்டி தொட்டதில்லை என்று அருளப்பன் மூன்று தடவை சொன்னார்.

ஏப்ரல் 17, திங்கள்

உமையாள் வந்துவிட்டாள். கார் நிற்கிறது. புதன்கிழமை ஆபரேஷன்.

பயமாக இருக்கிறது. உமையாளிடம் சொல்லவில்லை, பைரவன் காதில் சொன்னேன். அவன் என் மூக்கை நக்கினான். அயிலை மீன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மே 3, புதன்

வந்துவிட்டேன். நெஞ்சில் நெடுகத் தையல். இருமக்கூடாது, குனியக்கூடாது, பலமாகப் பேசக்கூடாது.

கட்டிலைப் பின் அறையில் போட்டுச் சன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இடிந்த சுவரை யாரும் கட்டவில்லை, செங்கல்லை ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். தகரத்தையும் காணோம். பைரவனும் இல்லை.

"பைரவா" என்று கூப்பிட்டேன். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். இத்தனை நாள் பார்க்காமல் என்னை மறந்தே விட்டானா? உமையாள், "நான் போய்க் கூட்டிட்டு வாரேன்பா" என்று எழுந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரி, "மோசே" என்றேன்.

சுவர் வழியாகப் பாய்ந்து வந்தான். அவன் பின்னாலேயே அருளப்பன் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். "யாரு கூப்பிட்டது? அண்ணாச்சியா கூப்பிட்டீய?" என்றார். நான் அழுதேன். அழவும் கூடாது என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார்.